ஒரு மாதத்துப் பேச்சு

அடி தோழி,

கை கழுவாமல் நோயாளியைத் தொட்டாய் என்று உன் பெயருக்கு நேரே நான் பெருக்கல் குறி போட்டு ஒரு மாதமாகிறது. "என்னையுமாடி எழுதின?" என்றாய். அதோடு சரி.

தொற்றுத் தடுப்பு நர்ஸுக்கு அதுதான் வேலை. நாளைக்குப் பார்த்தாலும் போடுவேன்.

என் தலையைக் கண்டதும் வார்டே குழாயடிக்கு ஓடுகிறது. "சாப்பிட்டியா?" என்று கேட்கத்தான் ஆளில்லை. கேன்டீனில் உன் நாற்காலியில் என் பையை உட்கார வைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன்.

இந்த மாதம் ஒரு தையல்கூடச் சீழ் பிடிக்கவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்ல வந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலிடுக்கு வரை தேய்த்துக் கழுவினாய். நான் டிக் அடித்தேன். இந்த ஒரு மாதத்தில் நாம் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

உன் எதிர் நாற்காலிக்காரி