ஞாயிற்றுக்கிழமை வரை நைனா

இன்று காலை நடந்த கூட்டத்தில், பார்லித் தண்ணீரில் சர்க்கரை இல்லை, உப்புதான் என்று ஒருமனதாக முடிவாயிற்று. டாக்டர் இரண்டுக்கும் அனுமதி கொடுத்துவிட்டதால் விவாதம் சற்று நீண்டது. சர்க்கரையின் தரப்பில் நல்ல வாதங்கள் இருந்தன. அவை பொறுமையாகக் கேட்கப்பட்டு நிராகரிக்கப்பட்டன. கூட்டத்துக்கு வந்திருந்தவன் நான் ஒருவன். தலைமை வகித்ததும் நன்றி கூறியதும் நானே. பிறகு அடுப்பை அணைத்து மூடியைத் திறந்தேன். வெந்த தானியத்தின் அந்த மங்கலான வாசனை சமையலறையை நிறைத்தது. உங்கள் வீட்டு வாசனை, நைனா.

நான் உங்கள் மகன் அல்ல. ராயபுரத்தில் நம் தெரு முழுவதும் உங்களை நைனா என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். நீங்கள் என்னை அண்ணாச்சி என்றீர்கள். தெற்கேயிருந்து வந்து மளிகைக் கடை வைத்தவரின் மகன் என்பதால் இருபத்தேழு வயதிலேயே ஊருக்கெல்லாம் நான் அண்ணாச்சி. எழுபதைத் தாண்டிய ஒருவர் என்னை அண்ணன் என்பதும், நான் அவரை அப்பா என்பதும் யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. தெருவுக்கு வேறு கவலைகள் இருந்தன. அது கோடைக்காலம்.

அறுபதுகளின் கடைசியில் வந்த அந்தக் கோடையில் கோடை விழாக் குழு என்று ஒன்று இருந்தது. தலைவர் சூசை மேஸ்திரி. துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் ஆட்களை மேய்ப்பவர். மேய்த்த பழக்கத்தில் எங்களையும் மேய்த்தார். நான் துணைச் செயலாளர். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதே தகுதி. முனையில் இருந்த அறிவிப்புப் பலகையில் தினமும் சாக்கட்டியால் தெருச் செய்திகளை எழுதுவது என் வேலை. யார் வீட்டில் கல்யாணம், யார் பரீட்சை தேறினார்கள், கொருக்குப்பேட்டை அணியிடம் நம் கால்பந்து அணி இந்த முறை எத்தனை கோலில் தோற்றது என்பன செய்திகள். குழாயில் தண்ணீர் வருமா என்பது ஊகம். அதற்குப் பலகையில் இடமில்லை.

அந்த ஆண்டின் பெரிய செய்தி நாடகம். துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த கோவிந்தன் எழுதி, இயக்கி, அரசனாக நடிக்கும் சரித்திர நாடகம். ராணியாக நடிக்க வெளியிலிருந்து ஒரு நடிகை ஒப்பந்தம் ஆகியிருந்தார். அவருக்கு அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. அதை விட்டால் தீபாவளி தாண்ட வேண்டும்.

இந்த நிலையில்தான் நம் தெருக் கம்பவுண்டர், படுக்கையில் விழுந்திருந்த உங்கள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்றோ நாளையோ என்று சூசை மேஸ்திரியிடம் சொன்னார்.

நம் தெருவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு எந்த வீட்டில் விழுந்தாலும், எந்த மதமானாலும், அடக்கம் முடிந்து ஒரு வாரம் தெருவில் ஒலிபெருக்கி கூடாது. மேடை கூடாது. அதை மீறியவர்கள் கிடையாது. மீற நினைத்தவர்கள்கூட அதை வெளியில் சொன்னதில்லை. அவசரக் கூட்டம் கூடியது. உங்கள் உடல்நிலை குறித்துக் குழு ஆழ்ந்த கவலை தெரிவித்தது. அதற்கு முந்தைய பத்துப் பதினைந்து ஆண்டுகளில் குழு அப்படி ஒரு கவலையைத் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வுபெற்று, மனைவியைக் கல்லறைக்கு அனுப்பிவிட்டு, மகளை எண்ணூரில் கட்டிக்கொடுத்துவிட்டு, ஓர் அறையில் தனியாகக் கிடந்தவர் நீங்கள். பக்கத்து வீட்டு மேரியக்கா காலையில் கொடுக்கும் கஞ்சியைத் தவிர அந்த வாசலுக்குள் எதுவும் போனதில்லை.

கூட்டம் முடிந்த அன்று மாலையே நாங்கள் ஏழெட்டுப் பேர் உங்கள் அறைக்குள் நின்றோம். கையில் ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ், எங்கள் கடை பார்லி.

நீங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். "இன்னாடா, அல்லாரும் கும்பலா வந்துகினு கீறீங்கோ? நான் செத்துட்டேனா?"

"அய்ய, அப்பிடிலாம் சொல்லாத நைனா. சொம்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றார் மேஸ்திரி.

"சொம்மாவா? என் பொண்டாட்டி செத்தப்பக்கூட நீ வாசல்லியே நின்னுட்டுப் போனவன் ஆச்சே." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினீர்கள். பிறகு கேட்டீர்கள். "நாடகம் என்னிக்கி?"

கோவிந்தன் தரையைப் பார்த்தபடி, "ஞாயித்துக்கெழம நைனா" என்றார்.

"அப்ப ஞாயித்துக்கெழம வரிக்கும் நான் கீறேன். போயி ஒத்திகை பாருங்கடா."

மேஸ்திரிக்கு உங்கள் வாக்குறுதி போதவில்லை. எண்ணூருக்கு, மகள் வீட்டுக்கு, உங்களை ரிக்ஷாவில் அனுப்பிவிடலாம் என்று ஒரு யோசனை சொன்னார். கடல் காற்று உடம்புக்கு நல்லது என்பது காரணம். ராயபுரத்திலும் கடல்தான் இருக்கிறது என்பதை யாரும் குறிப்பிடவில்லை. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னீர்கள். "எண்ணூர்ல இன்னா பங்ஷன் வச்சிகினு கீறாங்களோ. அவுங்களுக்கு எதுக்குப் பேஜாரு?"

அந்த வாரம் உங்களுக்கு நடந்த சேவையை எந்த ராஜாவும் கண்டிருக்க மாட்டான். முறைவைத்து ஆட்கள் வந்தார்கள். ஒருவர் விசிற, ஒருவர் கால் பிடிக்க, ஒருவர் சவரம் செய்துவிட. போர் வீரர்களாக நடிக்க இருந்த இளைஞர்கள் அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தார்கள். கோவிந்தன் தினமும் வந்து வசனம் சொல்லிக் காட்டினார். நீங்கள் கேட்டுவிட்டு, "ராஜா எதுக்குடா இத்தினி பேசறான்? வேல வெட்டி இல்லியா?" என்றீர்கள். அவர் வசனத்தில் ஒரு பக்கத்தை வெட்டினார். நாடகத்துக்கு அது நல்லதாயிற்று. கம்பவுண்டர் மறுபடியும் நாடி பார்த்து, மருத்துவத்தில் இப்படியும் நடப்பதுண்டு என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

ஞாயிறு மாலை உங்களைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து மேடைக்கு முன்னால் வைத்தோம். மரியாதைக்காக என்று ஒலிபெருக்கியில் அறிவித்தோம். கண்பார்வையில் இருக்கட்டும் என்பது குழுவின் தீர்மானம். சபைக் காட்சியின் நடுவில் உங்கள் தலை சாய்ந்தது. வாய் திறந்திருந்தது. சிங்காசனத்தில் உட்கார்ந்து எதிரி நாட்டுத் தூதனை மிரட்டிக்கொண்டிருந்த கோவிந்தன் அதைப் பார்த்துவிட்டார். வசனம் நின்றது. தூதனும் திரும்பிப் பார்த்தான். தெரு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அரசன் எழுந்து மேடை விளிம்புக்கு வந்து, ஒலிவாங்கியிலேயே மெதுவாகக் கேட்டான்.

"நைனா?"

நீங்கள் கண்ணைத் திறக்காமல் சொன்னீர்கள். "கீறேன். நீ பேசு."

அதற்கு விழுந்த கைதட்டல் ராணிக்குக்கூடக் கிடைக்கவில்லை. நாடகத்தின் பெயர் இன்று எனக்கே மறந்துபோயிற்று. அந்த வசனத்தை மட்டும் தெருவில் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. செவ்வாய்க்கிழமையும். நான் புதனன்று, மத்தியானம் கடையை மூடிவிட்டு வந்தபோது, நீங்கள் மேரியக்காவிடம் சொல்லிக் கட்டிலை வாசல் பக்கம் திருப்பிப் போட வைத்திருந்தீர்கள். பார்லி அடுப்பில் இருந்தது. தலை வாரியிருந்தது. விருந்தாளிகளுக்காக ஒரு பாய் விரித்திருந்தது.

"வா அண்ணாச்சி. இன்னா நூஸு?"

வயதானவர்கள் கதை சொல்வார்கள் என்று நான் நிறையப் புத்தகங்களில் படித்திருந்தேன். நீங்கள் ஒரு கதையும் சொல்லவில்லை. கேட்கத்தான் செய்தீர்கள். பலகையில் எழுதியதை ஒப்பித்தேன். கால்பந்து தோல்வி, ஒரு பெண் குழந்தை, மாதா கோயிலில் புது மணி. எல்லாவற்றையும் கேட்டு முடித்து, சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள். "அட்த்த பங்ஷன் எப்ப கீது?"

ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்து, தெரு அளவிலான கேரம் போட்டி நடத்த வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். இளைஞர்களின் ஒழுக்கம், மனக்குவிப்பு என்றெல்லாம் பேசினேன். நான் அதுவரை கேரம் பலகையைத் தொட்டதில்லை. மேஸ்திரிக்குப் பரிசு வழங்குவது பிடிக்கும். தீர்மானம் நிறைவேறியது. இறுதிப் போட்டியில் ஒலிபெருக்கியில் நேர்முக வர்ணனை உண்டு என்று சேர்த்துக்கொண்டேன். ஒலிபெருக்கி இருந்தால்தானே வழக்கம் பொருந்தும்.

பலகையில் தேதி எழுதிய அன்றே உங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கம்பவுண்டர் ஓடி வந்தார். ஆரஞ்சுப் பழம் வந்தது. போர் வீரர்கள் இப்போது கேரம் வீரர்களாக வந்து கால் பிடித்தார்கள். உங்கள் அறையிலேயே பலகையைப் போட்டு ஆடிப் பழகினார்கள், நீங்கள் படுத்தபடியே அவர்கள் ஆட்டத்தைக் கேலி செய்தீர்கள். "ரெட் காய எட்த்துட்டு ஃபாலோ போட மாட்டியா? வூட்ல சோறு துன்றியா, சுண்ணாம்பு துன்றியா?" அந்த அறையில் அத்தனை சிரிப்பை நான் கேட்டதில்லை.

மேரியக்கா மட்டும் என்னை வாசலுக்கு வெளியே இழுத்தாள். "பங்ஷன் வந்தா மட்டும் இவுருக்கு இழுப்பு வருது, பாத்தியா அண்ணாச்சி?"

"வயசாச்சுல்லா அக்கா."

"வயசு நாடகம் முட்ஞ்சதும் நின்னுடுமா?" என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கேரம் முட்ஞ்சா அப்பறம் இன்னா வெக்கப் போற?"

அதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

கேரம் முடிந்தது. நீங்கள் பிழைத்தீர்கள். பாய் மறுபடியும் காலியாக விரிந்து கிடந்தது. நான் இரண்டாவது தீர்மானத்தோடு போனேன். கோடை நிறைவு விழா, சிறுவர் மாறுவேடப் போட்டியுடன்.

"கோடையே முட்ஞ்சிபோச்சு, இன்னா நிறைவு?" என்றார் மேஸ்திரி. "பள்ளிக்கூடம் தொறந்தாச்சு. பசங்கோ மாறுவேசத்துல இஸ்கோலுக்குப் போவுங்களா?"

"மழ வந்தா மைக் செட்டு ஷாக் அடிக்கும்" என்றார் கோவிந்தன்.

"ஒனக்கு இன்னா அண்ணாச்சி, கடையில யாவாரம் இல்லியா? வாரம் ஒரு விழா கேக்குற?" என்று மேஸ்திரி முடித்தார்.

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நல்ல மனிதர்கள்தான், இரண்டு நாள் கட்டாயம் வந்திருப்பார்கள். வந்து, பாவம் என்று உங்களைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பார்வைக்கு நீங்கள் மூச்சு வாங்கியிருக்க மாட்டீர்கள். வாக்கெடுப்பு நடந்தது.

மறுநாள் நீங்கள் என் முகத்தைப் பார்த்தே கேட்டீர்கள். "எத்தினி ஓட்டு வுழுந்துச்சு?"

உங்களிடம் நான் அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னதே இல்லை. "ஒண்ணு நைனா."

"அது ஒன்னோடதா?"

"ஆமா."

சிரிக்க ஆரம்பித்தீர்கள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கவே நேரமாயிற்று. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். "போதும் அண்ணாச்சி. ஒரு ஓட்டு இன்னா கம்மியா? நீ வந்துகினு இரு."

வந்தேன். மத்தியானங்களில், கடை மூடியிருக்கும் நேரத்தில். பலகையில் எழுத ஒன்றும் இல்லாத நாட்களிலும் உங்களுக்குச் சொல்ல ஏதாவது வைத்திருந்தேன். கல்யாணங்களைச் சற்று நீட்டினேன், கால்பந்து அணிக்கு ஒரு கோல் கூட்டிக் கொடுத்தேன். சந்தேகம் வந்தாலும் நீங்கள் காட்டிக்கொள்ளவில்லை. பேச்சு நின்ற பிறகும் எழுந்து போக வேண்டியதில்லை என்பது எனக்குப் பழக ஒரு மாதம் ஆயிற்று. துறைமுகத்தில் ஏதோ கப்பல் சங்கு ஊதும். இருவரும் அதைக் கேட்போம். நீங்கள் அது எந்தக் கப்பல் என்று சொல்வீர்கள் என எதிர்பார்த்தேன். "எவன் கண்டான்" என்றீர்கள்.

இப்போது நான் திருவொற்றியூரில், மூன்றாவது மாடியில் இருக்கிறேன். பிள்ளைகள் தொலைபேசியில் நலம் கேட்கிறார்கள், நானும் நலமாகவே இருக்கிறேன். கீழே குடியிருப்போர் சங்கம் ஒன்று உண்டு, விழாக்களும் உண்டு. சாவுக்காக இங்கே எதையும் நிறுத்துவதில்லை. போன பொங்கலில் இரண்டாவது மாடியில் ஒருவர் போய்விட்டார். மெல்லிசைக் கச்சேரி குறித்த நேரத்தில் தொடங்கியது. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு பழக்கம். மாதம் பிறந்ததும் நாட்காட்டியில் முன்னால் ஒரு தேதியை வட்டமிட்டு வைத்துக்கொள்கிறேன். அன்று என்ன என்று முடிவு செய்வதில்லை. அது வரும்வரை இருந்தாக வேண்டும் என்பதோடு சரி.

நீங்கள் ஆடி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலையில் போனீர்கள். மேரியக்கா கஞ்சியோடு வந்து பார்த்தாள். எண்ணூரிலிருந்து மகள் வந்தார். மேஸ்திரி ஆள்விட்டு எல்லாவற்றையும் முறையாகச் செய்தார், கோவிந்தன் சவப்பெட்டியை ஒரு பக்கம் தூக்கினார். நான் பலகையில் எழுதினேன். வழக்கப்படி ஒரு வாரம் தெருவில் ஒலிபெருக்கி வைக்கவில்லை. அந்த வாரத்தில் நிகழ்ச்சி எதுவும் இருக்கவில்லை.