எல்லோர் வாயிலும் ஒரே வார்த்தை

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முட்டிவலி தேவலையா?

கப்பல் சரக்கு இறக்கும் கிடங்கில்தான் இன்னமும் வேலை. போன வாரம் நாலு பெட்டிகள் நனைந்திருந்தன. குமாஸ்தா என்னைப் பார்த்து "அவாரியா" என்றார். வேறு நாட்டுக்காரரான மேஸ்திரி "ஹவரீ" என்றார். கிரேன் ஓட்டுபவர் தன் பாஷையில் "அவரி" என்றார். பெட்டியை நனைத்தது 'அவர்' என்று என்னைத்தான் கைகாட்டுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் தட்டியது. அதே வார்த்தையைச் சொல்லி ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது, பேனாவைத் தொடவேயில்லை.

அரபி பேசும் லாரி டிரைவர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, இருவருக்கும் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னார்.

"சேதம்னு அர்த்தம்ப்பா. எங்க பாஷையிலேர்ந்து போன வார்த்தை. இவங்க ஆளுக்கொரு மாதிரி சொல்றாங்க."

"யாரால சேதம்னு போட்டிருக்கு?"

"அந்த இடம் காலியா இருக்கே," என்றார் மெதுவாக.

அதை நிரப்பினால்தான் கையெழுத்து என்று நின்றுவிட்டேன். மேஸ்திரி முகத்தைச் சுளித்துக்கொண்டே, 'கப்பலிலேயே நனைந்தது' என்று எழுதினார். டிரைவர் சரிபார்த்த பிறகே போட்டேன். நீ கவலைப்படாதே.

பாப்பாவின் பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்று அனுப்பு. கடிதத்தை நீளமாக எழுது, திட்டியாவது எழுது. இங்கே தமிழில் திட்டக்கூட ஆளில்லை. வேலைக்கு வண்டி வந்துவிட்டது. மிச்சத்தை நீயே நினைத்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்