நீ மூடிய இலை

எண்டோஸ்கோபி ரிப்போர்ட் மேசைமேல் கிடக்கிறது, அத்தை. என் பெயர்தான். 'நார்மல்' என்று போட்டிருக்கிறது. எந்தப் பரீட்சையிலும் எனக்கு இப்படி ஒரு ரிசல்ட் வந்ததில்லை. ஆனாலும் நாலாவது வாய் சோற்றிலேயே நெஞ்சுவரை அடைக்கிறது. உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் கூடத்துக்கும் மாடிக்கும் நடக்கிறேன். பௌர்ணமி இல்லாமலே கிரிவலம்.

உனக்கும் இதே கவர் வந்ததே. உன் கூடப்பிறந்த அண்ணன், அதாவது என் அப்பா, படித்துவிட்டு, "ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாங்க. அப்புறம் என்ன வலி?" என்றார். நான் உனக்கு 'நார்மல் அத்தை' என்று பெயர் வைத்தேன். நீ சிரித்தாய். அதுதான் எனக்கு லைசென்ஸ் ஆகிவிட்டது.

கீழ்பென்னாத்தூரில் பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம். பந்தியில் எல்லாருக்கும் முன்னால் நீ இலையை மூடிவிட்டாய். இலை புடைத்துக்கொண்டிருந்தது. விடுவேனா? திறந்து காட்டினேன். "பாருங்க, அத்தை தனியா ஹோட்டல் வச்சிருக்காங்க."

வடை, கேசரி, சோறு எல்லாம் அப்படியே இருந்தன. வரிசையே சிரித்தது.

"ஏம்மா, எங்க வீட்டு சாப்பாடு எறங்கலியா?" என்றார் பெரியம்மா.

நீ அத்தனையும் தின்றாய். திரும்பி வரும்போது வேனில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலில் சாய்ந்திருந்தாய். "வலி இல்லன்னு எழுதலடி. புண்ணு இல்லன்னுதான் எழுதியிருக்காங்க" என்றாய். அன்று எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

அடுத்த வாரம் வேறொரு டாக்டரிடம் உன்னோடு நானும் வந்தேன். "இரைப்பை நல்லாத்தான் இருக்கு. அது வேலை செய்யற விதத்துலதான் கோளாறு. அங்க நரம்பு ஜாஸ்தி உஷாரா இருக்கு. வலி நெஜம்தாம்மா" என்றார் அவர். அந்தக் கடைசி வார்த்தைக்கு நீ அழுதாய். நான் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, எண்ணெயைக் குறை என்றார். ராத்திரிக்கு ஒரு மாத்திரை. மனச்சோர்வுக்குத் தருவதுதான், கம்மி அளவில் கொடுத்தால் வயிற்று நரம்பும் அடங்குமாம். வீட்டில் பைத்தியம் என்பார்களோ என்று அதை அரிசி டப்பாவில் ஒளித்துவைத்தாய். நான் காட்டிக்கொடுக்கவில்லை. நான் கட்டிக்காத்த ஒரே ரகசியம் அது. சில வாரங்களில் ஒரு இட்லி இரண்டானது.

பிறகு காய்ச்சல். வயிற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மூன்று நாளில் போய்விட்டாய். அந்த இலைக்காக மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபோதெல்லாம் எனக்கு ஜோக்தான் வந்தது.

நேற்று அதே டாக்டர் அதே வார்த்தையை என்னிடமும் சொன்னார். இன்று மத்தியானம் மாமா வீட்டு வளைகாப்பு. பாதிச் சோறு மிச்சம். கை தானாக இலையை மூடப் போனது. கையை இழுத்துக்கொண்டேன்.

"என்னாடி, அப்படியே வச்சிட்ட?" என்றார் பெரியம்மா.

"நாலு வாய்லயே ரொம்பிடுது பெரிம்மா. டாக்டர்கிட்ட காட்டிட்டேன். அத்தைக்கு இருந்தது இதான். அவங்க நடிக்கல."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் இலையைத் திறந்தபடியே வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.