அந்த விரால் நான் பிடித்தது, அண்ணே

என் அன்பு அன்வர் அண்ணனுக்கு, உன் தங்கை மைமூனின் சலாம்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அண்ணி நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்து, இத்தா முடிந்து வெளியே வந்துவிட்டாள். உன் சைக்கிள் கடையை அவள் தம்பி பார்த்துக்கொள்கிறான். உப்பளத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து ஓடுகிறது. முதலில் இந்தச் சேதிகளைச் சொல்லிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிக்க வேண்டும் என்று இருந்தேன். உயிரோடு இருந்தபோது உன்னோடு போடாமல் விட்ட சண்டை.

நம் மரக்காணத்தில் கிணற்றுத் தண்ணீரே கரிக்கும். நல்ல தண்ணீர் மீன் வேண்டுமென்றால் பெருமுக்கல் போகும் வழியில், அம்மா பிறந்த ஊர் ஏரிக்குத்தான் போக வேண்டும். என் முதல் கெண்டையை அங்கேதான் பிடித்தேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, உனக்குப் பதினான்கு. நீ சட்டை நனையாமல் கரையில் நின்று வேடிக்கை பார்த்தாய்.

உனக்குத் தூண்டில் வரவே இல்லை, அண்ணே. முள்ளில் கோத்த தவளையை விரால் கவ்வியதுமே வெடுக்கென்று இழுத்துவிடுவாய். தவளை வரும், விரால் வராது. அது விழுங்கட்டும் என்று தூண்டில் நரம்பைத் தளர்த்திவிட்டுப் பத்து எண்ணும் பொறுமை உனக்கு இல்லை. எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

கல்யாணமாகி, என் வீட்டுக்காரர் சவூதிக்குப் போன பிறகும் நீ என்னை விடவில்லை. அம்மாவின் கொல்லையைப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமைகளில் உன் மொபெட்டில் கூட்டிப்போவாய். ஆள் வராத கரைப் பக்கம் என்னை விட்டுவிட்டு மர நிழலில் தூங்குவாய். திரும்பும்போது ஹேண்டில்பாரில் மீன் பை தொங்கும். "யாரு பாய் புடிச்சது?" என்று கேட்பார்கள். "வேற யாரு, நான்தான்" என்பாய். முதல் தடவை நீ அப்படிச் சொன்னபோது பின்சீட்டில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். எனக்கு மீன் பிடித்தால் போதும், பேர் உனக்கு இருக்கட்டும் என்றுதான் இருபது வருஷம் இருந்தேன்.

2004-ல் என் வீட்டுக்காரர் லீவில் வந்தபோது உனக்கென்று ஒரு ரீல் தூண்டில் வாங்கிவந்தார். அடுத்த ஞாயிறே அதை என் கையில் கொடுத்து, "இந்தா, உன் புருஷன் உனக்குத்தான் வாங்கியாந்திருக்காரு, அவருக்கே தெரியாம" என்று சிரித்தாய். அன்றைக்கு முழுக்க நரம்பு சிக்கலாகி, ஒரு மீன்கூடப் பிடிக்காமல், சிக்கெடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூங்கில் கழியில் மீன் முட்டினால் உள்ளங்கைக்கே தெரியும். ரீலில் அது தெரியப் பல வாரம் ஆயிற்று.

அந்த வருஷம் டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு, சனங்கள் கடல் மீனைத் தொடப் பயந்தார்கள். எல்லோரும் ஏரி மீன் கேட்டார்கள். உனக்குத் 'தூண்டில் பாய்' என்று பேர் விழுந்தது அப்போதுதான். நீ மறுக்கவில்லை. நானும்தான்.

அடுத்த மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அல்லிக்கொடிக்குள் ஒரு விரால் தவளையை எடுத்தது. பத்து எண்ணி இழுத்தேன். கொடியில் சுற்றிக்கொண்டது. ரீல் சுழலவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, நரம்பைக் கையில் சுற்றிப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. விட்டேனா? என் கை நீளத்துக்கு இருந்தது. நீ எழுந்து ஓடிவந்து, "மாஷா அல்லாஹ்" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாய்.

அதை டிரம்மில் தண்ணீர் விட்டு இரண்டு நாள் உயிரோடு வைத்திருந்தோம். செவ்வாய்க்கிழமை உன் மகள் நஸ்ரினைப் பெண் பார்க்கப் பெரிய முதலியார்சாவடியிலிருந்து வந்தார்கள். கையில் கட்டோடு நான்தான் உன் அடுப்படியில் அந்த விராலை வறுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா ருசித்துச் சாப்பிட்டார். அப்போது மாப்பிள்ளையின் பெரியப்பா பேச்சை எடுத்தார்.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. ஞாயித்துக்கெழம அந்தப் பக்கம் போனேன். ஏரியில இடுப்பளவு தண்ணில ஒரு பொம்பள தூண்டிலோட நின்னுட்டிருந்துச்சு. கரைல நின்ன வண்டி உங்க வண்டி மாதிரியே இருந்துச்சு."

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். "என் தங்கச்சிதான், நீங்க சாப்புடறது அது புடிச்ச மீனுதான்" என்று சொல்வாய் என்று நினைத்தேன். இல்லை, "அது வேற யாரோ" என்று சொல்லியிருந்தாலும் நானும் சும்மா இருந்திருப்பேன்.

நீ சொன்னது என்ன?

"என் தங்கச்சிதாங்க. அதுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல. புருஷன் வெளிநாட்டுல, தனியாவே இருந்து இருந்து இப்படி ஆயிடுச்சு. அப்பப்ப தண்ணில எறங்கிடும். நான்தான் போய்க் கூட்டியாருவேன்."

"அடப் பாவமே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பிறகு இன்னொரு துண்டு மீன் கேட்டார். நான்தான் கொண்டுபோய் வைத்தேன். நீ நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர்கள் போனதும் கேட்டேன். "ஏண்ணே அப்படிச் சொன்ன?"

"கல்யாணம் முடியட்டும் மைமூன். ஒரு வார்த்தைதானே. அதுக்குப் போய் அழுவுறியே."

ஒரு வார்த்தைதான். அது உனக்கு முன்னால் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. நஸ்ரின் கல்யாணத்தில் நான் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். "நீ சும்மா இரும்மா" என்று ஒருத்தி மெல்லக் கத்தியை வாங்கிக்கொண்டாள். அழுத குழந்தையைத் தூக்கப் போனேன், அதன் தாய் எனக்கு முன்னால் ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதிப் பார்க்கலாம் என்று இன்னொருத்தி சொன்னாள். நீ பக்கத்தில்தான் நின்றாய். உன் காதில் விழவில்லையா?

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரீலை எடுத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாய். "ஏரிக்குப் போலாமா?" என்றாய். நான் கதவைத் திறக்கவில்லை. "மனசு சரியில்லாதவள தண்ணிகிட்டக் கூட்டிட்டுப் போலாமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். ரீலை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். அதுதான் உன்னைக் கடைசியாகப் பார்த்தது. ஒன்றரை மாதத்தில், கடையில் டியூபுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய் என்றார்கள்.

மௌத்து வீட்டில் துக்கம் கேட்க வந்த எல்லோரும் உன் மீன்களைப் பற்றித்தான் பேசினார்கள். என்னால் தாங்க முடியவில்லை. "அதெல்லாம் நான் புடிச்சது" என்று சொல்லிவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் என் தலையைத் தடவிக்கொடுத்து, "ஆமாம்மா, நீதான் புடிச்ச" என்றாள். குழந்தையிடம் சொல்வது போல. அன்றைக்கு நான் உனக்காக அழுதேனா, எனக்காக அழுதேனா என்று இன்னும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் சவூதியை முடித்துக்கொண்டு வந்துவிட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரீலை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இத நான் உனக்கே குடுத்திருப்பேனே" என்றார். யாருக்குப் பயந்து இருபது வருஷம் ஒளிந்தோம் அண்ணே?

அண்ணிக்கு இத்தா முடிந்ததும், சம்பந்தி வீட்டில் உண்மையைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

"எனக்குத் தெரியாதா மைமூன்? அவருக்குப் புழுவத் தொட்டாலே குமட்டும்" என்றாள்.

"அப்பச் சொல்லேன்."

"மௌத்தானவரப் பொய்யருன்னு என் வாயால சொல்லச் சொல்றியா?"

என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாய், பார்.

போன ஞாயிறு பகலில் என் வீட்டுக்காரரோடு ஏரிக்குப் போனேன். ஒளிகிற பக்கம் இல்லை, கலங்கல் பக்கம், ரோட்டோரம். நின்று பார்த்தவர்களில் யாரோ "பாவம்" என்று சொன்னதும் காதில் விழுந்தது. விரால் கவ்வியது. நரம்பைத் தளர்த்தினேன். பக்கத்தில் தூண்டில் போட்டிருந்த கிளியனூர்க்காரர், "இழும்மா, இழு, உட்டுட்டியே!" என்று பதறினார். "முழுங்கட்டுங்க" என்றேன். இழுத்துக் கரையில் போட்டதும் மீனைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். "இது இன்னைக்கு நேத்திக்குப் பழகின கை இல்ல" என்றார். வீட்டுக்கு வெளியே நம்பியவர் அவர் ஒருவர்தான். ஊர் அப்படியேதான் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதலாமா என்று நஸ்ரினைக் கேட்டேன். "எழுதுங்க அத்தை. என் மாமியாரும் படிக்கட்டும்" என்றாள். அவளுக்கு இது ஏழாம் மாதம்.

பிறக்கப்போகும் பிள்ளை ஒருநாள் உன்னைப் பற்றி என்னைக் கேட்கும். நன்றாக சைக்கிள் ரிப்பேர் பண்ணுவார், இருபது வருஷம் என்னை மொபெட்டில் ஏரிக்குக் கூட்டிப்போனார், அவருக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்று சொல்வேன். ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காக துஆ கேட்பேன். ஆனால் உன் பேரைக் காப்பாற்ற இனி ஒரு சொல்லும் கூட்டிச் சொல்ல மாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் கூடப் பிறந்தவள்,
மைமூன்