சோப்புப் போட்டுக் கழுவிய கப்பல் பட்டறை

முகிலன்,

மேசைமேல் பொம்மை வீரர்களை நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்காக நான் செய்த குட்டி மாதிரிக் கப்பல் பட்டறையைத் தீபாவளிச் சுத்தத்தோடு சேர்த்துப் பாத்திர சோப்பால் தேய்த்திருக்கிறீர்கள். "ஒரே அழுக்கா இருந்துச்சு லா, பளபளன்னு ஆக்கிட்டேன்" என்று பெருமை வேறு!

அந்த அழுக்கு நான் தீட்டியது. துருவையும் எண்ணெய்க் கறையையும் மெல்லிய தூரிகையால் ஒரு மாதமாகப் படிப்படியாக ஏற்றினேன். போரில் பாழான பட்டறை இப்போது நேற்றுத்தான் திறப்புவிழா கண்டதுபோல் நிற்கிறது. கேட்காமல் ஒருவரது படைப்பைத் திருத்துவது உதவி ஆகாது.

இன்றைய ஆட்டத்துக்கு அதை எடுத்துச் செல்ல, என்னோடு விளையாடும் அஃப்னான் மாலையில் வருவார். என்ன நடந்ததென்று நீங்களே அவரிடம் விளக்குங்கள்.

குளிர்பெட்டியில் மீன் குழம்பு இருக்கிறது; சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

யாழினி

பி.கு.: அலமாரியில் நிற்கும் பொம்மை வீரர்களையாவது விட்டுவையுங்கள். அவர்கள் காலணியில் இருக்கும் சேறும் நான் தீட்டியதுதான்.