முதல் மழைக்கு முளைத்தவை

2019 மே 14
காலையிலிருந்து விதை தேய்த்தேன். நீலச்சொட்டுப் பூவின் விதைக்கு ஓடு கெட்டி. உப்புத்தாளில் உரசினால்தான் தண்ணீர் உள்ளே போகும். விரல் நுனியெல்லாம் எரிகிறது.

அண்ணன் ஒத்துக்கொண்டான். குழாய் பதிக்க வந்த கம்பெனிக்காரர்கள் தோண்டிப் புரட்டிப்போட்ட அவனுடைய மேய்ச்சல் நிலம் முழுவதையும் மூன்று வருஷத்துக்கு நீலச்சொட்டை மறுபடி வளர்க்க எங்கள் ஆய்வு நிலையத்துக்கு விடுகிறான். ஒரு ஆடு உள்ளே வராது. நான் விளக்க ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டான். "நீ சொல்றேல்ல பாப்பா, போதும்." எனக்கு நாற்பத்தேழு வயது. இன்னும் பாப்பாதான்.

அவன் நிலத்து ஓரங்களில் பொறுக்கிய விதை ஒரு பிடிதான் தேறியது. அதைப் பெருக்க இரண்டு வருஷம் ஆகும். மழைக்கு முன் விதைத்தாக வேண்டும் என்கிறார் இயக்குநர். மலைச்சரிவிலிருந்து கொண்டுவந்து பெருக்கிய விதை மூட்டை மூட்டையாக இருக்கிறது. ஒரே பூதானே. என்ன வந்துவிடப் போகிறது?

ஜூன் 22
முளைத்துவிட்டது! ஒரே ஒரு தூறலுக்கு! மண்டி போட்டு எண்ணினேன், சதுர அடிக்குப் பதினாறு.

அண்ணன் ஒரு நாற்றைக் கிள்ளி முகர்ந்து பார்த்தான்.
"இது நம்ம பூதானா? நம்மளது முதல் மழைக்கு எந்திரிக்காதே. ரெண்டாவது மழை வரைக்கும் படுத்தே கெடக்கும்."
"நம்ம பூதாண்ணா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மூட்டை எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதுமே.

ஜூலை 11
எல்லாம் கருகிவிட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஜூலை 30
தொட்டியில் இரண்டு விதைகளையும் ஒரே மாதிரி உரசி, பக்கத்துப் பக்கத்தில் போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். மலை விதை மூன்றாம் நாள் எழுந்துவிட்டது. அவன் நிலத்து விதை அசையவே இல்லை. மலையில் தூறல் தொடங்கினால் விடாது. இங்கே முதல் மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே மூன்று வாரம் வெயில். அது தெரிந்த விதை காத்திருக்கிறது. தெரியாதது ஏமாந்துபோகிறது.

அண்ணன் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

"மழை பொய்த்ததுன்னு அறிக்கையில போட்டுடுங்க" என்றார் இயக்குநர். போட்டேன். அண்ணனிடமும் அதையே சொன்னேன்.

2020 மார்ச் 3
ஆடுகளில் பாதியை விற்றுவிட்டானாம். வாடகைக்குப் பிடித்த மேய்ச்சல் நிலம் எல்லாவற்றுக்கும் போதவில்லை. அண்ணிதான் போனில் சொன்னாள். "அடுத்த வருஷம் பூத்துரும்னு பாப்பா சொல்லியிருக்கு, அப்புறம் திரும்ப வாங்கிக்கலாம்கிறாரு."

உண்மையைச் சொன்னால் இப்போதே வேலியைப் பிரித்து ஆட்டை உள்ளே விட்டுவிடுவான், ஓரத்தில் மிச்சமிருக்கும் நாட்டுச் செடிகளும் போய்விடும். அதனால்தான் சொல்லவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

இல்லை. பொய். வெட்கம். வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 19
நிலையத்துப் பாத்தியில் அந்த ஒரு பிடி விதை இரண்டு வாளியாகியிருக்கிறது. இன்னொரு அறுவடை வேண்டும்.

2021 பிப்ரவரி 8
மீதி ஆடுகளும் போய்விட்டன. போய்ப் பார்த்தேன். பட்டியைக் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறான். அண்ணன் சவரம் செய்துகொண்டிருந்தான். நகரத்தில் ஒரு கிடங்குக்குக் காவல் வேலை. "உக்காந்தே இருக்கலாமாம்" என்று சிரித்தான். நாற்பது வருஷம் நடந்த கால்.

சொல்ல வாயெடுத்தேன். அண்ணி டீ கொண்டு வந்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். சே!

பிப்ரவரி 21
சொல்லிவிட்டேன். அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். ஒரே மூச்சில், தொட்டிச் சோதனை வரைக்கும் சொன்னேன். மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"
"அந்த வருஷமே. ஜூலைல."
"ஜூலைல." கட்டிலில் உட்கார்ந்தான். "தப்பான வெதைய போட்டதுக்கு ஒண்ணுமில்ல. யாருக்கும் ஆகும். ஆனா அப்பவே சொல்லியிருந்தா, ரெண்டு வருஷம் ஆகும்னு தெரிஞ்சிருக்கும். இருபது பெட்டை ஆட்டையாவது எங்கயாவது விட்டுக் காப்பாத்தியிருப்பேன். அந்த வம்சம் அப்பா காலத்துலேருந்து வந்தது. போனது போனதுதான், இனி எங்க போய்த் தேடுறது?"

"அண்ணா—"
"நான் கேட்டேன். நாத்தக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டேன். நீ என் மூஞ்சியப் பாத்துச் சொன்ன."

திட்டியிருந்தால் தேவலை. சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தான். பாப்பா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. வாசல் வரைக்கும் அண்ணி வந்தாள்.

மார்ச் 4
இயக்குநரிடம் திருத்திய அறிக்கையைக் கொடுத்தேன். காரணம்: விதை எடுத்த இடம் தவறு. தேர்ந்தெடுத்தது: நான். "இப்ப எதுக்கும்மா இது?" என்றார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன்.

2022 மே 30
இரண்டு அறுவடை சேர்ந்து இப்போது போதுமான விதை. மூன்று வருஷக் கெடு முடிந்தும் அண்ணன் நிலத்தைத் திரும்பக் கேட்கவில்லை. அவன் நிலத்தில் அவன் நிலத்து விதையைத் தனியாகவே விதைத்தேன். நான்கு நாள்.

ஜூன் 17
முதல் மழை. ஒன்றும் முளைக்கவில்லை. வரப்பில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா துக்கமா, எனக்கே விளங்கவில்லை.

ஜூலை 13
இரண்டாவது மழைக்கு ஐந்தாம் நாள். எழுந்துவிட்டன.

செப்டம்பர் 25
பூத்திருக்கிறது. தோண்டிய வடு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் அண்ணியைக் கூப்பிட்டேன்.
"பாத்தாரு. கண்ணாடி போட்டுட்டுப் பாத்தாரு. அப்புறம் டூட்டிக்குக் கெளம்பிட்டாரு."

2023 நவம்பர் 6
இரண்டாம் வருஷமும் பூத்து, விதை உதிர்ந்துவிட்டது. இனி ஆடு மேயலாம், குளம்பு பட்டு விதை மண்ணில் இறங்கும், நல்லதும்கூட. நிலத்தை அண்ணன் பக்கத்துக்காரருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறான். எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். காலையிலேயே மந்தையோடு வந்து வேலிக்கு வெளியே நின்றார்.

"உள்ள விடலாங்களா?"
"விடுங்க" என்றேன். வேலிப் படலை நான்தான் திறந்தேன்.