அசையாமல் நின்ற செல்லி

உங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு வாத்தியார்கள் இன்று காலை வந்து செல்லியின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போனார்கள். ஜெபக்கூடத்தில் உங்கள் பெயர் போட்டு மாட்டப்போகிறார்களாம். சின்னவர் சட்டத்தின் தூசியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இம்புட்டுப் பக்கத்துல போயி எப்பிடிம்மா எடுத்தாரு? மான்குட்டி மிரளலயா?" "மிரளல தம்பி" என்றேன். உண்மைதானே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் உங்கள் பொறுமையைப் பற்றி நான் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

சுவரில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். செத்துப்போனவருக்கு எழுதுவதில் ஒரு சௌகரியம் உண்டு. பாதியில் குறுக்கிட்டு, "உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு" என்று நீங்கள் சொல்ல முடியாது.

கோடை விடுமுறை விட்டால் மற்ற வாத்தியார் வீடுகளில் சொந்த ஊருக்குக் கிளம்புவார்கள். டிராயிங் வாத்தியார் நீங்களும் பெண்டாட்டி நானும் மட்டும் கேமரா, முக்காலி, படம் விழும் கண்ணாடித் தகடு அடுக்கிய பெட்டி எல்லாவற்றையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு மதுரையைச் சுற்றிப் பொட்டல் பொட்டலாகத் திரிவோம். கீழக்குயில்குடி மலையை எத்தனை வெளிச்சத்தில் எடுத்தீர்களோ, கணக்கில்லை. மலையோடு உங்களுக்கு ஒத்துப்போனது. அது சொன்ன இடத்தில் நின்றது. முயலும் கவுதாரியும்தான் பேச்சுக் கேட்கவில்லை. உங்கள் கேமராவுக்கு முன்னால் எதுவானாலும் மூச்சடக்கி நிற்க வேண்டும். "அசஞ்சா தகடு வீணு" என்பீர்கள். எந்த முயல் நிற்கும்?

அதற்கும் ஒரு வழி வைத்திருந்தீர்கள். வேட்டைக்காரர்கள் சுட்டதைச் சூடு ஆறுவதற்குள் வாங்கிவந்து, வயிற்றுக்கடியில் குச்சி கொடுத்து, கழுத்துக்குக் கம்பி கட்டி நிறுத்துவீர்கள். மங்கிப்போன கண்ணில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டால் பளிச்சென்று ஆகிவிடும். கம்பி தெரியாமல் புல்லைச் செருகுவது என் வேலை. உங்கள் படங்களில் இருக்கும் காட்டு உயிர்கள் எல்லாம் செத்த பிறகுதான் துள்ளின. பார்க்கிறவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

கொட்டாம்பட்டிப் பக்கம் துரைமார் சுட்ட பெண்மானை நீங்கள் அப்படித்தான் நிமிர்த்திக் கட்டினீர்கள். படம் எடுத்து முடித்த நேரத்தில் புதருக்குள்ளிருந்து குட்டி ஒன்று வந்தது. யாரையும் பார்க்காமல் நேராகப் போய், குச்சியில் நின்ற தாயின் மடியில் வாய் வைத்தது. நீங்கள் தலையில் கை வைத்துக்கொண்டு, "அடடா, தகடு தீந்துபோச்சே" என்றீர்கள். நான் குட்டியை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். ஊர் வந்து சேரும் வரை அது என் சேலை நுனியைச் சப்பிக்கொண்டே வந்தது.

செல்லி என்று பெயர் வைத்தேன். பக்கத்து வீட்டு அத்தர்க் கடைக்காரர் மனைவி தன் ஆட்டுப்பாலில் பாதியைச் சுவருக்கு மேலாக நீட்டுவாள். "அக்கா, ஒங்க மகளுக்கு" என்பாள். பிள்ளை இல்லாத வீடு என்று உங்கள் அக்கா மாதம் தவறாமல் வந்து சொல்லிக்காட்டிவிட்டுப் போவார். செல்லி வந்த பிறகு அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. எந்த மூலையில் இருந்தாலும், "செல்லி, இந்தா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், நாலு காலும் தரையில் பாவாமல் வந்து என் வயிற்றில் முட்டும். நீங்கள் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

பட்டணத்துக் கண்காட்சிக்கு உயிருள்ள மான்குட்டிப் படம் வேண்டும் என்று உங்களுக்குப் பித்துப் பிடித்தது. முற்றத்தில் எடுத்துப் பார்த்தீர்கள். உடம்பு தெளிவாக விழுந்தது, தலை இருந்த இடத்தில் வெறும் புகை. "அதக் கொஞ்சம் நிக்கச் சொல்லு" என்றீர்கள். "மான்கிட்டயா சொல்லச் சொல்றீங்க?" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அன்று விடிகாலை கீழக்குயில்குடிக் கண்மாய்க்கரையில் செல்லியை அவிழ்த்துவிட்டோம். அது கண்ணுக்கு எட்டாத தூரம் ஓடியது. "கூப்பிடு" என்றீர்கள். கூப்பிட்டேன், வந்தது. கேமராவின் கறுப்புத் துணியை அதன் தலையில் போர்த்தினீர்கள். "கண்ண மூடுனா அடங்கும். நீ போயி தண்ணி மோந்துட்டு வா." கோடையில் கண்மாயின் நடுவில்தான் தண்ணீர் கிடந்தது. போய்விட்டு வர நேரமாயிற்று.

திரும்பி வந்தபோது செல்லி கரைமேல் நின்றது. பின்னால் மலை. கழுத்தை லேசாகத் தூக்கி, எங்கோ பார்த்தபடி. நீங்கள் கையைக் காட்டி என்னை நிறுத்தினீர்கள். நானும் இடுப்பில் குடத்தோடு நின்ற இடத்திலேயே நின்றேன். காலடிச் சத்தத்தில் மிரண்டுவிடக் கூடாதே என்று. என் பிள்ளை கடைசியில் பேச்சுக் கேட்டுவிட்டது என்று மனம் பூரித்துப்போயிற்று. பெற்றவள் மாதிரி பூரித்தேன்.

நீங்கள் லென்ஸை மூடினீர்கள். "முடிஞ்சுச்சுங்களா?" "முடிஞ்சுச்சு. நல்லா விழுந்திருக்கும்." குடத்தை இறக்கிவைத்துவிட்டு, "செல்லி, இந்தா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன்.

நீங்கள் கறுப்புத் துணியை மடித்துக்கொண்டிருந்தீர்கள். "கூப்பிடாத" என்றீர்கள். "வராது."

கிட்டே போய் அதன் கண்ணைத் தொட்டேன். விரலில் எண்ணெய் ஒட்டியது. துணியின் ஒரு மூலை எச்சிலில் நனைந்திருந்தது. துப்பாக்கி என்றால் தோலில் ஓட்டை தெரியும், அதனால் துணி. இதை நீங்களே வண்டியில் வரும்போது விளக்கிச் சொன்னீர்கள். "வளந்தா எப்பிடியும் காட்டுக்கு ஓடியிருக்கும்" என்று எனக்கு ஆறுதலும் சொன்னீர்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் துணியைத் துவைக்கப் போட்டீர்கள். துவைத்தேன்.

கண்காட்சியில் படத்துக்கு அடியில் 'தாயைத் தேடும் குட்டி' என்று எழுதி வைத்திருந்தீர்கள். மெடல் கிடைத்தது. ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "உயிரக் குடுத்து எடுத்திருக்காரும்மா" என்றாள். நீங்கள் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டீர்கள்.

ஊரார் கண்ணில் நீங்கள் நல்லவர். குடித்ததில்லை, என்மேல் கை வைத்ததில்லை, ஆராதனை தவறியதில்லை. நானும் அதற்குப் பிறகு இத்தனை வருஷம் வேளை தவறாமல் சோறு போட்டேன். கண்ணில் பூ விழுந்து பார்வை அடியோடு போன பிறகு கைபிடித்துக் கூட்டிப்போனேன். கேமராவை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருப்பீர்கள். எனக்குப் பாவமாக இருந்ததா என்றால், இல்லை.

கடைசி நாள் மத்தியானம் ஆராதனை நடத்தும் ஐயர் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. நீங்கள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினீர்கள். "இருக்கியா?" என்றீர்கள். "எங்க இருக்க? ஒரு கொரல் குடு. பயமா இருக்கு." கட்டிலை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். உங்கள் கை விரிப்பின்மேல் துழாவிக்கொண்டே வந்தது. நான் முழங்காலை ஒதுக்கிக்கொண்டேன். நீங்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டீர்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒருதரமும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அப்புறமும் கூப்பிட்டீர்கள், மூச்சு நிற்கும் வரைக்கும்.

வீட்டில் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தீர்கள். செல்லியை வரவழைத்த குரல் என்னிடம் பழுதில்லாமல் இருக்கிறது. அதை உங்களுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.